அடுத்த வெள்ளி

காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் ஆலையில் டெஸ்பாட்ச் என்றால்
நான் ஒருத்திதான்.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரப்பர் ஸ்டாம்ப்,
சன்னலைத் திறந்தால் ஈ.

ஜூன் மாதத்துப் புதன்கிழமை,
டிபன் பாக்ஸ் பாதி காலி.
கூழ் அடைக்கும் பைகளுக்காகப்
புனேக்கு எழுதியிருந்தேன்.
பதில் வந்தது ஒரே வரியில்:
நெக்ஸ்ட் ஃப்ரைடே வந்து சேரும்.

நெக்ஸ்ட் என்றால் அடுத்தது.
பஸ்ஸில் நெக்ஸ்ட் ஸ்டாப் என்று கத்தினால்
அடுத்து வருகிற நிறுத்தத்தில்தான் இறங்குகிறோம்.
அதை விட்டுவிட்டு
அதற்கும் அடுத்ததில் இறங்குகிறவர் உண்டா?
புதன் போனால் வியாழன்,
வியாழன் போனால் வெள்ளி.
கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தேன்.

சந்தூர் ருக்கம்மாவைக் கூப்பிட்டேன்,
நாகரசம்பட்டிக்கும் அகரத்துக்கும் சொன்னேன்.
பழுத்ததையெல்லாம் ஏற்றுங்க,
வெள்ளிக்கிழமை அரவை.

வெள்ளிக்கிழமை விடியும்போதே
கேட்டிலிருந்து தார்ரோடு வரைக்கும் டிராக்டர்.
பதினாறு டன் பெங்களூரா.
பை மட்டும் இல்லை.

"மேடம், நெக்ஸ்ட் ஃப்ரைடேன்னுதானே எழுதினேன்,
திஸ் ஃப்ரைடேன்னு எழுதலையே."
புனேக்காரர் குரலில்
கோபம்கூட இல்லை.

அதற்குப் பிறகு எடைமேடை பக்கத்தில் நடந்தது
ஒரு இங்கிலீஷ் கிளாஸ்.
ஓசூரில் கான்வென்ட் படித்த லேப் பொண்ணு சொன்னாள்,
இந்த வாரத்து வெள்ளி திஸ்,
வாரம் மாறினால்தான் நெக்ஸ்ட்.
வாரம் எப்போ மாறும் என்றார் மேனேஜர்.
ஞாயிறு என்றது ஒரு கட்சி,
திங்கள் என்றது இன்னொன்று.
கமிங் ஃப்ரைடேன்னா என்றார் வாட்ச்மேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
திஸ் கமிங் என்று ஒன்று இருக்கிறதாம்,
நெக்ஸ்ட் டு நெக்ஸ்ட் என்றும் இருக்கிறதாம்.
ஒரு வெள்ளிக்கு எத்தனை வாசல்!

ருக்கம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும்.
டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்தபடி கேட்டாள்,
"போச்சம்பள்ளி சந்தைக்கு முந்தியா பிந்தியான்னு
கேக்கறதுக்கு என்ன கேடு?"
"புனேக்காரனுக்கு
போச்சம்பள்ளி சந்தை தெரியுமா?"
"உனக்குத் தெரியுமில்ல."

பழத்துக்கு வாரமும் தெரியாது, சந்தையும் தெரியாது.
சனிக்கிழமை காம்பில் கறுத்தது,
ஞாயிறு சாறு கசிந்தது,
திங்கள் காலை தேனீ வந்து
சிமென்ட் தரையைக் கூட விடவில்லை.
டோல்கேட் ஜூஸ் கடைக்காரர்கள்
சொன்ன விலைக்கு அள்ளிப் போனார்கள்.
மிச்சத்தை மாடு தின்றது,
இரண்டாம் நாள் மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கூடை தூக்கும் ராம்பிரவேஷ்
அழுகலை வாரிக்கொண்டிருந்தான்.
அவன் பாஷையில் நேற்றும் நாளையும்
ஒரே சொல்லாம்.
எப்படிடா சமாளிக்கிறே என்றேன்.
தெரிந்த தமிழில் சொன்னான்:
"வேலை முடிஞ்சா நேத்து அக்கா,
முடியலைன்னா நாளைக்கு."

பைகள் வந்தன,
அவர்களுடைய வெள்ளிக்கிழமை,
சொன்ன நேரத்துக்கு.

இப்போதெல்லாம் எண்ணில்தான் எழுதுகிறேன்.
போன வாரம் ஒரு கம்பெனிக்கு
07/06 என்று போட்டேன்.
ஜூலை ஆறுதானே,
உறுதி செய்யவும் என்று
திரும்பி வந்தது அமெரிக்காவிலிருந்து.

நஷ்டத்தில் ஒரு பங்கு
என் சம்பளத்தில் பிடிப்பதாக
முதலாளி சொன்னார்.
எப்போதிருந்து சார்?
நெக்ஸ்ட் மன்த்.
ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று,
சம்பளம் முழுசாகத்தான் வருகிறது.
எந்த மன்த் என்று நான் கேட்கவில்லை.
பட்டது போதும் என்றாலும்
சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் ருக்கம்மாவின் பழத்துக்கான பணத்துக்கும்
அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்.
ஒவ்வொரு திங்களும், சந்தைக்கு மறுநாள்,
அவள் நம்பர் போனில் மினுங்குகிறது.
"எந்த மாசம்மா?" என்பாள்,
வேறெதுவும் கேட்க மாட்டாள்.

நான் காலண்டரைப் பார்க்கிறேன்.
அதில் எல்லா மாதத்துக்கும் பெயர் இருக்கிறது.